பதிலுக்கும் ஓர் இடம்

'ப்ரொபோஸ் பண்றது' என்பதற்கு நம் ஊரில் ஓர் அர்த்தம், ஆங்கிலத்தில் வேறோர் அர்த்தம். கல்லூரி விடுதியில் ஒருவன் ஓடிவந்து 'மச்சான், ப்ரொபோஸ் பண்ணிட்டேன்டா' என்றால் காதலைச் சொல்லிவிட்டான் என்று பொருள். கல்யாணம் அந்தப் பேச்சில் எங்கேயும் கிடையாது. அந்தப் பெண்ணிடம் அவன் அதுவரை நாலு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டான். ஆங்கிலத்தில் அதே சொல் கதையின் மறுமுனையில் வருகிறது. சில வருடங்கள் பழகி, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு, 'கல்யாணம் செய்துகொள்ளலாமா' என்று கேட்பது. சொல்லை வாங்கிக்கொண்ட நாம், அது நிற்க வேண்டிய இடத்தை மாற்றிவிட்டோம்.

மாற்றியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கேள்வியை நேராக ஒரு பெண்ணிடம் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை. அப்பாக்கள் அப்பாக்களிடம் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பையனைத் தனியாகக் கூப்பிட்டு 'புடிச்சிருக்கா' என்பார்கள். பெண்ணிடம் கேட்டாலும் கூடத்தில் பதினைந்து பேர் பஜ்ஜி தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது கேட்பார்கள். அவள் தலையைக் குனிந்தால் வெட்கம். பேசாமல் நின்றால் மௌனம் சம்மதம். எழுந்து உள்ளே போய்விட்டால் அதுவும் வெட்கம்தான். எதைச் செய்தாலும் 'சரி' என்றே படிக்கப்படும் ஒரு பரீட்சை அது.

இதை எல்லாம் நான் யோசித்தது ஓர் இடம் தேடியபோதுதான். அப்போது வேலை நிமித்தம் ம்யூனிக்கில் இருந்தேன். அவள் சென்னையில் இருந்தாள். நாலு வருடப் பழக்கம். அக்டோபரில் ஒன்பது நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். வருவதற்கு ஒரு மாதம் முன்பு அவள் வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எனவே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டே ஆக வேண்டிய நேரம்.

கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். அவள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் அப்படி இல்லை. அவளுடைய அக்கா ஆறு வருடங்களுக்கு முன் வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அப்பா அக்காவிடம் பேசுவதில்லை. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கத்துகிற மனிதர் இல்லை, அடிக்கிற மனிதர் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அக்கா போன் செய்தால் அம்மாவிடம் நீட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஆக, இவள் என்னிடம் 'சரி' என்றால், அந்த வீட்டில் மிச்சம் இருக்கும் ஒரே மகளும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். எனக்கு அந்த 'சரி' சந்தோஷம். அவளுக்கு அதில் ஒரு பெரிய கழித்தலும் உண்டு.

பொறியியல் படித்தவன் என்ன செய்வான்? எக்ஸெல்லைத் திறந்தேன். ம்யூனிக்கிலிருந்து ரயிலில் போகக்கூடிய இடங்களை வரிசையாகப் போட்டேன். பக்கத்தில் கட்டங்கள்: காட்சி, கூட்டம், செலவு, மழை வந்தால். இணையத்தில் இதற்கென்றே ஆயிரம் பட்டியல்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ப்ரொபோஸ் பண்ணச் சிறந்த பத்து இடங்கள், இருபது இடங்கள், ஐம்பது இடங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் படம். ஒருவன் மண்டியிட்டிருப்பான், ஒருத்தி இரண்டு கையாலும் வாயை மூடியிருப்பாள், பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்.

சாப்ட்வேர் எழுதுகிறவர்களிடம் 'ஹேப்பி பாத்' என்று ஒரு பேச்சு உண்டு. எல்லாம் நினைத்தபடி நடந்தால் ப்ரோகிராம் போகும் வழி அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதை மட்டும் எழுதிவிட்டு முடிந்தது என்பார்கள். அந்தப் பட்டியல்கள் எல்லாம் ஹேப்பி பாத் மட்டுமே எழுதப்பட்டவை. அவள் 'சரி' சொல்வாள் என்பது அவற்றில் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. நான் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். அதற்குத் தலைப்பு: 'வேண்டாம்னு சொன்னா?'

அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு பார்த்தபோது ஒவ்வொரு ஊரும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

முதலில் இருந்தது நோய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை. ம்யூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரம். டிஸ்னியின் கோட்டைக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் அதே வெள்ளைக் கோட்டை. அதைப் பார்க்கச் சரியான இடம் மரியன்ப்ரூக்கே என்ற பாலம். பள்ளத்தாக்கின் மேல் சுமார் 90 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகலான நடைபாலம். நின்று படம் எடுக்க வரிசை நிற்கும். நடுவில் போய் மண்டியிட்டால் முன்னாலும் பின்னாலும் ஆட்கள். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதென்றால் அந்த வரிசை முழுக்க 'எக்ஸ்க்யூஸ் மீ' சொல்லிக்கொண்டு வர வேண்டும்.

அந்தக் கோட்டையைக் கட்டியவர் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக். 1867 ஜனவரியில் அவருக்கும் சோஃபி என்ற இளவரசிக்கும் நிச்சயமானது. ஆஸ்திரியப் பேரரசி சிஸியின் தங்கை சோஃபி. கல்யாணத் தேதி தள்ளித் தள்ளிப் போய், அதே வருடம் அக்டோபரில் லுட்விக் நிச்சயதார்த்தத்தையே ரத்து செய்தார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோட்டை வேலை ஆரம்பித்தது 1869இல். 'வேண்டாம்' என்று சொன்ன ஒரு மனிதர் தனக்காக, தனியாக வாழ்வதற்காகக் கட்டிக்கொண்ட வீடு. அதன் முன்னால்தான் இன்று உலகமே மோதிரத்தை நீட்டுகிறது. அந்த மனிதருக்கு ஒரு மன்னராக 'வேண்டாம்' சொல்ல வசதி இருந்தது என்பதையும் யோசித்தேன். சோஃபியிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது பாரிஸ். ம்யூனிக்கிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஐஃபில் கோபுரத்தின் உச்சித் தளம் 276 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறுவதற்கும் லிஃப்ட், இறங்குவதற்கும் லிஃப்ட், இரண்டுக்கும் வரிசை. கீழே ட்ரொக்கதேரோ திடலில் ப்ரொபோசல் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டிப் பணம் கட்டிவிட்டால் எங்கோ மறைந்து நின்று அந்தக் கணத்தை எடுத்துக் கொடுப்பார்கள். கேட்பவனுக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியும், எந்த நிமிடம் என்றும் தெரியும். பதில் சொல்ல வேண்டியவளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. நம் பெண் பார்க்கும் கூடம்தான் இது. பஜ்ஜி இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

பாரிஸில் இன்னொரு இடம், பாண் தெ ஸார் என்ற நடைபாலம். காதலர்கள் பூட்டில் பெயர் எழுதிப் பாலத்தின் கம்பிவேலியில் பூட்டிவிட்டு, சாவியைச் சீன் நதியில் வீசிவிடுவார்கள். 2014 ஜூனில் வேலியின் ஒரு பகுதி எடை தாங்காமல் சரிந்தது. அடுத்த வருடம் நகர நிர்வாகம் பூட்டுகளை எல்லாம் அப்புறப்படுத்தியது. சுமார் 45 டன் என்று கணக்கு சொன்னார்கள். வேலி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி. எனக்கு அந்தச் செய்தி பிடித்திருந்தது. ஒவ்வொரு பூட்டும் கைக்குள் அடங்குவது. பூட்டியவர்கள் யாரும் பாலத்தைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சம்மதத்துக்கும் ஒரு எடை இருக்கிறது, அதை எதுவோ ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வெனிஸ். கொண்டோலா படகில் அரை மணி நேரத்துக்கு இப்போது 90 யூரோ, நகராட்சி நிர்ணயித்த விலை. படகு நடுக் கால்வாயில் இருக்கும்போது கேட்டால் அவள் எங்கே போவாள்? மிச்ச இருபது நிமிடத்துக்கு இரண்டு பேரும் எதிரும் புதிருமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். துடுப்புப் போடுகிறவர் வேறு இருப்பார்.

அங்கே 'பெருமூச்சுப் பாலம்' என்று ஒன்று இருக்கிறது. சூரியன் மறையும் நேரத்தில், சான் மார்க்கோ தேவாலய மணி அடிக்கும்போது, படகில் அதன் அடியில் முத்தமிட்டுக்கொண்டால் காதல் நிலைக்குமாம். பழைய ஐதீகம் மாதிரி இருக்கும் இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுபோனது 1979இல் வந்த 'எ லிட்டில் ரொமான்ஸ்' என்ற சினிமா. பாலத்தின் சொந்த வேலை வேறு. 1600ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. ஒரு பக்கம் அரண்மனையின் விசாரணை அறைகள், மறுபக்கம் சிறை. தீர்ப்பு ஆனவர்களை அதன் வழியாகத்தான் கூட்டிப் போவார்கள். கல் ஜன்னலின் துளைகள் வழியே கடைசியாக வெளியுலகத்தைப் பார்த்துக் கைதிகள் விட்ட பெருமூச்சுதான் பெயருக்குக் காரணம் என்று சொல்வார்கள்.

இப்படிக் கழித்துக்கொண்டே போனால் ஒன்று புரியும். ரொமான்டிக் என்று பெயர் வாங்கிய இடங்களில் பெரும்பாலானவை உயரத்தில் இருக்கின்றன, அல்லது தண்ணீர் நடுவில், அல்லது கூட்டத்துக்கு மத்தியில். கேட்கிறவனுக்கு அவை மேடை. பதில் சொல்கிறவளுக்குக் கதவில்லாத அறை. கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரையில் முகத்தைக் காட்டி ஒருவன் மண்டியிடும்போது அந்தப் பெண் 'சரி' சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது அவனுக்குச் சொன்ன பதிலா, கைதட்டக் காத்திருக்கும் முப்பதாயிரம் பேருக்குச் சொன்னதா என்று அவளுக்கே வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியும்.

கடைசியில் வெரோனா போனோம். ரோமியோ ஜூலியட் ஊர் என்பதற்காக இல்லை. ம்யூனிக்கிலிருந்து நேரடி ரயில், ஐந்தரை மணி நேரம், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போகிறது. மலை பார்க்கணும் என்று அவள் சொல்லியிருந்தாள். 1,370 மீட்டர் உயரத்தில் ப்ரென்னர் கணவாய், அதைத் தாண்டினால் இத்தாலி. அதன் பிறகும் நெடுந்தூரம் ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளில் இத்தாலியும் ஜெர்மனும் சேர்ந்தே இருக்கும். பிறகு ஆப்பிள் தோட்டங்கள், திராட்சைத் தோட்டங்கள். போல்சானோ தாண்டியதும் அடிஜே நதி கூடவே வருகிறது. அவள் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயிலில் கேட்கும் யோசனையும் ஒருகணம் வந்தது. ஓடுகிற ரயிலுக்கும் கொண்டோலாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

வெரோனாவுக்குப் போய் ஜூலியட் வீட்டைப் பார்க்காமல் வர முடியாது. கப்பெல்லோ தெருவில் ஒரு முற்றம். மேலே அந்த பால்கனி. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் 'பால்கனி' என்ற சொல்லே கிடையாது. ஜூலியட் மேலே ஒரு ஜன்னலில் தெரிகிறாள், அவ்வளவுதான். வீடு பழைய வீடுதான். 1905இல் நகராட்சி வாங்கியது. பால்கனியோ 1930களின் கடைசியில், ஊர் மியூசியத்தில் கிடந்த பழைய கல் வேலைப்பாட்டை எடுத்துவந்து சுவரில் பொருத்தியது. சுற்றுலா வருகிறவர்கள் பால்கனி எங்கே என்று கேட்டார்கள், ஊர் ஒன்றைச் செய்து கொடுத்தது.

முற்றத்தில் ஜூலியட்டின் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் வலது மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்று நம்பிக்கை. ஆயிரக்கணக்கான கைகள் பட்டுச் சிலையில் விரிசல் விழுந்து, 2014இல் அதை உள்ளே வைத்துவிட்டு நகல் ஒன்றை வெளியே நிறுத்தினார்கள். நகலும் அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று இருந்தது. படம் எடுக்க வரிசை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இத்தனை பேர் தொட்டிருக்காங்க. ஒருத்தராவது அவகிட்ட கேட்டிருப்பாங்களா?" என்றாள்.

பிறகு, "ரெண்டு பேரும் வீட்ல சொல்லாம கல்யாணம் பண்ணி, ஒரு வாரத்துக்குள்ள செத்துப் போனாங்க. இங்க வந்து எதுக்குடா லவ்வைச் சொல்றாங்க?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. ஜூலியட்டுக்கு உலகம் முழுவதிலிருந்தும் கடிதம் வருகிறது. 'ஜூலியட், வெரோனா' என்று எழுதினால் போதும், வந்து சேர்ந்துவிடும். ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து, தன்னார்வலர்களாக உட்கார்ந்து, அவற்றுக்குக் கைப்பட பதில் எழுதுகிறார்கள். இதைச் சொன்னேன். அவளுக்கு அது மட்டும் பிடித்திருந்தது. "அது நல்லாருக்கு. அவங்க பதில் எழுத டைம் எடுத்துக்கலாம்ல" என்றாள்.

மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போனோம். ஊரைச் சுற்றி அடிஜே வளைந்து போகும் இடத்தில் போந்தே பியெத்ரா என்ற பாலம். பெயருக்கு அர்த்தம் கல் பாலம், வேறொன்றும் இல்லை. ரோமானியர் காலத்தில் கட்டியது. ஐந்து வளைவுகள். 1945 ஏப்ரலில் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை வெடி வைத்துத் தகர்த்ததில் நாலு வளைவுகள் ஆற்றில் விழுந்தன. போருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஆற்றுக்குள் இறங்கி, விழுந்த கற்களைத் தேடி எடுத்து, 1950களின் கடைசியில் அதே கற்களை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். பார்த்தால் தெரியும், ஒரு பக்கம் வெள்ளைக் கல், மறுபக்கம் சிவப்புச் செங்கல். வெவ்வேறு நூற்றாண்டுகளில் பழுது பார்த்தது எல்லாம் அப்படியே தெரிகிற மாதிரி இருக்கிறது.

பாலத்தில் கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டி, கரையோரத்தில் ஒரு கைப்பிடிச் சுவர். பக்கத்தில் ஒரு பாட்டி நாயைக் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிளில் ஒருவர் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். இடது பக்கம் போனால் நாங்கள் தங்கியிருந்த அறை, பத்து நிமிட நடை. அறைச் சாவி அவளிடம் இருந்தது. வலது பக்கம் மலைமேல் ஏறும் படிக்கட்டு. பஸ் நிறுத்தம் எதிரே. என்னுடைய ஐந்தாவது கட்டத்தில் முழு மார்க் வாங்கிய ஒரே இடம்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்து. மண்டியிட்டால் அவள் என் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் ஆற்றைப் பார்க்கலாம்.

தமிழில் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று யோசித்துப் பாருங்கள். 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா' என்றால் சினிமா. 'உன்னைக் கட்டிக்க ஆசைப்படறேன்' என்றால் அதைவிடப் பழைய சினிமா. எனக்கு வாய்த்தது, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" தமிழில் 'நாங்க' வேறு, 'நாம' வேறு. 'நாம' என்றால் கேட்கப்படுகிறவளும் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறாள்.

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் என்று எனக்குத் தோன்றியது, இரண்டு நிமிடம் இருக்கலாம்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

நம் ஊரில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் லெட்டர் வராது. யோசித்துச் சொல்வதாகச் சொல்வது 'வேண்டாம்' என்பதன் மரியாதை வடிவம். நான் "சரி" என்றேன். தொண்டை கொஞ்சம் அடைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"நான் கொஞ்சம் தனியா நடந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். படிக்கட்டுப் பக்கம் போனாள். மேலே சான் பியெத்ரோ கோட்டைத் திடல், அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியும். அவள் ஏறுவதைக் கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு நான் ஊருக்குள் போய் ஒரு காபி குடித்தேன். இத்தாலியில் நின்றுகொண்டே ஒரே மடக்கில் குடிக்கும் காபி. சீக்கிரம் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கினேன்.

மதியம் வந்தாள். கேள்வியைப் பற்றிப் பேசவில்லை. பிட்சா சாப்பிட்டோம். ரோமானியர் கட்டிய அரங்கத்தைச் சுற்றி வந்தோம். ராத்திரி அவள் அக்காவுக்குப் போன் செய்து மெதுவான குரலில் ஒரு மணி நேரம் பேசினாள். நான் ஹெட்போன் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு சூப்பர்மார்க்கெட். ரயிலுக்குத் தண்ணீர் பாட்டில், நாலு வாழைப்பழம், ஒரு பாக்கெட் பிஸ்கட். பில் போடும் வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"சரி. பண்ணிக்கலாம். ஆனா ரெண்டு விஷயம். அப்பாகிட்ட நான்தான் சொல்வேன், நீ வரக் கூடாது. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ரிஜிஸ்டர் ஆபீஸ் பேச்சு எடுக்கக் கூடாது. எவ்ளோ நாள் ஆனாலும்."

"ஆகாமலே போனா?"

"அப்போ மறுபடியும் யோசிப்பேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

பில் போடும் பெண் "புவோனசேரா" என்றார். நான் காசை எடுத்தேன்.

கேள்விக்கு நான் இடம் பார்த்தேன். பதிலுக்கு இடம் பார்த்துக்கொண்டது அவள். ஒரு நாளும் அரை நாளும் ஊர் முழுக்க அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஒரு கோட்டை, ஒரு ஆறு, ஒரு ரோமானிய அரங்கம் எல்லாம் தாண்டி, அவளுக்குச் சரி என்று பட்ட இடத்தில் அதை இறக்கி வைத்தாள். வாழைப்பழ வரிசைதான் அவளுக்குச் சரியான இடமாக இருந்திருக்கிறது. அங்கே யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பதிலோடு சேர்ந்தே இரண்டு நிபந்தனைகளும் வந்ததால்தான் அதை நான் நம்பினேன். சூரிய அஸ்தமனத்தில், கேமராவுக்கு முன்னால், யாரும் நிபந்தனை சொல்வதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டத்தான் அங்கே நேரம் இருக்கிறது.

சட்டமும் இந்த விஷயத்தில் நம் கூடத்தைப் போலத்தான். இரண்டு மதத்தவர் அவரவர் மதத்தில் இருந்தபடியே கல்யாணம் செய்துகொள்ள 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தால் அதைப் பதிவாளர் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். 30 நாள் காத்திருக்க வேண்டும், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று. இரண்டு பேர் தங்களுக்குள் கேட்டு முடித்த கேள்வியை ஊரிடம் திரும்பக் கேட்பது மாதிரி. அவள் போட்ட நிபந்தனை அந்த நோட்டீஸுக்கு முன்னால் வேறு ஒருவருக்கு நேரம் கொடுப்பதற்காக.

அப்பாவிடம் சொல்வதற்கும் அவள் இடம் பார்த்தாள். பண்டிகை நாள் வேண்டாம், அம்மா பக்கத்தில் இருந்து அழுகிற மாதிரி வேண்டாம், சாப்பாட்டு நேரம் வேண்டாம். காலை ஆறு மணிக்கு அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவார். கையில் டியூப் இருக்கும், செடியைப் பார்க்கலாம், பேச வேண்டியதில்லை. அங்கே போய்ச் சொன்னாள். அவர் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. ஒரு வரிசை முடித்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்றார்.

ஏழு மாதம் யோசித்தார். அந்த ஏழு மாதமும் அவளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார், இந்த விஷயத்தைத் தவிர. அக்கா விஷயத்தில் நடக்காதது அது. அக்காவின் கல்யாணம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேள்வியாக எதையும் கொண்டுவரவில்லை, செய்தியாகத்தான் வந்தது. அக்காவையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவருக்கு அவகாசம் இருந்திருக்காது.

கல்யாணத்தன்று அவர் வந்தார். முதல் வரிசையில் உட்காரவில்லை, இரண்டாவது வரிசையில் ஓரமாக. அக்காவும் வந்திருந்தார். பந்தியில் பக்கத்து இலை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மூத்த மகளை நிமிர்ந்து பார்க்காமல், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அக்கா உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது ஆபீஸில் சின்னப் பையன்கள் வெளிநாட்டு ட்ரிப் போகும்போது என்னிடம் வந்து 'ஜி, ப்ரொபோஸ் பண்ண எந்த ஸ்பாட் நல்லாருக்கும்' என்று கேட்கிறார்கள். பாலித் தீவு, சுவிட்சர்லாந்து, துபாயில் பெரிய கட்டடம் என்று பட்டியலோடுதான் வருகிறார்கள். எல்லாம் நல்ல இடங்கள்தான், நான் எதையும் தடுப்பதில்லை. காட்சி நன்றாக இருக்கட்டும், செலவு செய், மலை, கடல் எதுவானாலும் சரி. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீ மண்டியிடும் இடத்தைப் பார்த்து வைத்துவிட்டாய். அந்தப் பொண்ணு 'யோசிச்சு சொல்றேன்'னு சொன்னா, அவ தனியா நடக்க அங்கே ஒரு தெரு இருக்கான்னு பாரு. ரூம் சாவியை அவகிட்டயே கொடுத்து வை.